ரூபியின் முதுகு

அவள் இன்னும் வரவில்லை. வராமலே விட்டால் நல்லது. வந்தாலும் இந்தத் தடியை விட்டு நான் நகரப்போவதில்லை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கி, தொண்டர்கள் சுடர்த் தடிகளை மணலில் நட்டு எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசைக்குப் போய், பரமேஸ்வரி மாமி வருடாவருடம் நின்ற அதே இடத்தில் என் கைப்பையை வைத்துவிட்டேன், பஸ் சீற்றில் இடம் பிடிக்கக் கைலேஞ்சி போடுகிற மாதிரி. அப்படி நினைத்ததும் வெட்கம் வந்தது. ஆனால் பையை எடுக்கவில்லை. மே பதினெட்டு, முள்ளிவாய்க்கால் மணல், காலையிலேயே பாதம் சுடுகிறது. போரில் செத்த சனத்துக்காக ஒரு இனமே கூடி அழுகிற நாளில் ஒருத்தி இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று கண்டால் என்ன நினைப்பார்கள்? ஒன்றும் நினைக்க மாட்டார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் படத்தோடு வருகிறார்கள், ஒரு தடியைப் பார்த்து அதன் அடியில் படத்தையும் பூவையும் வைக்கிறார்கள். பிறத்தியாரைப் பார்க்க இன்றைக்கு யாருக்கும் நேரமில்லை. எனக்கு மட்டும்தான் அந்த நேரம் இருக்கிறது, எல்லா வருடமும் இருந்திருக்கிறது. நாலைந்து வரிசை தள்ளி, எவருடைய ஆளும் இல்லாதவளாக நின்று, மாமியின் தோளையும் அதற்குப் பக்கத்தில் குலுங்குகிற ரூபியின் முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இதுவரைக்கும் என் துக்கம். அந்த முதுகு எனக்கு மனப்பாடம். எந்த வருடம் எந்தச் சட்டை, எப்போது குனியும், எப்போது மாமியின் மேல் சாயும், எல்லாம் தெரியும். இந்த வருடம் மாமி இல்லை, மாசியில் செத்துப்போனா. ரூபிக்குச் சுவிஸில் மாப்பிள்ளை சரிவந்து கலியாண எழுத்தும் முடிந்துவிட்டது என்று சங்கக்கடையில் கதைத்தார்கள். புது மாப்பிள்ளைக்காரி பழைய புருசனுக்குச் சுடர் கொளுத்த வருவாளா? வர மாட்டாள். ஆகவே அவருடைய சுடரை இன்றைக்கு நான் கொளுத்துவேன். கொளுத்தியே தீருவேன்.

அவர் உங்களுக்கு என்ன முறை என்று யாராவது கேட்டால்? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன். எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை. கேட்பவருக்கு அது போதாது, பிறகு ஏன் நடக்கவில்லை என்பார்கள், அதற்கு மார்கழியில் இருந்து தொடங்க வேண்டும். கார்த்திகை முடியும் மட்டும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீடுதானே கூறைச்சேலை எடுக்க வேண்டும், மாமி எடுத்துவிட்டா. மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை. ஒரு நாள் கொண்டுவந்து விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தா. கிளிநொச்சிப் பக்கம் இரவு பகலாகச் செல் சத்தம். கலியாணம் கட்டாத பிள்ளைகளை இயக்கம் வீடு வீடாக வந்து சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிற காலம். மாமி ஒரு பின்னேரம் நடந்தே வந்து, நாள் பார்க்க வேண்டாம் அண்ணை, கோயிலில் வைத்து ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுவோம், இரண்டும் தப்பட்டும் என்று கேட்டா. அப்பா பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, மார்கழியில் தாலி கட்டுகிற வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை, தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் வைப்போம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றேன். கலியாணப் பொம்பிளை வெளியே வந்து கதைக்கிற வழக்கமும் எங்கள் ஆட்களிடம் இல்லை. தை பிறந்தது. அதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த றோட்டு எங்களிடம் இல்லை. நாங்கள் விசுவமடுப் பக்கம் ஓடினோம், அவர்கள் கடற்கரைப் பக்கம் ஓடினார்கள். மாசியில் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆமியின் பக்கம் போய்விட்டார். குடும்பத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இன்றைக்கு நான் புறப்படும்போது அப்பா கேட்டைத் திறந்துவிட்டு, வெயில், குடையைக் கொண்டு போ என்றார். எங்கே போகிறாய், யாருக்குப் போகிறாய் என்று அவர் ஒரு வருடமும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மார்கழி என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை. அந்த மாதம் வந்தால் திகதியைத்தான் சொல்வோம்.

செல்வநாயகி அன்ரி கஞ்சிச் சிரட்டையோடு வருகிறா. சங்கக்கடையில் நான் சாமான் நிறுத்துக் கொடுக்கிற மேசைக்கு முன்னால் கிழமைக்கு இரண்டு தரம் நிற்கிற மனுசி, மூத்த மகனையும் மருமகளையும் இந்த மணலில் பறிகொடுத்தவ. ஊதி ஊதி ஒரு மிடறு குடித்துவிட்டு, "போன வருசம் உப்பே இல்லை. இந்த முறை கடலைத் தூக்கி ஊத்திப்போட்டாங்கள்" என்று சொல்லிச் சிரிக்கிறா. அவ இங்கே நின்று சிரிக்கலாம். நான் சிரித்தால் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. எனக்கும் ஒரு சிரட்டை தருகிறா. தந்துவிட்டு என் தடியைப் பார்க்கிறா, தடியின் அடியில் படம் இல்லாமல் தனியே கிடக்கிற கைப்பையைப் பார்க்கிறா.

"ஆருக்குப் பிள்ளை கொளுத்திறாய்?"

"தெரிஞ்ச ஒரு ஆளுக்கு, அன்ரி."

"ஓமோம், உங்கட வீட்டில ஒருத்தரும் இல்லைத்தானே. நீங்கள் முதலே ஆமியிட்டப் போன ஆக்கள். குடுத்து வைச்ச சனம்."

அவவின் குரலில் நஞ்சு இல்லை. வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொல்கிறா, சொல்லிவிட்டுத் தன் தடிக்குப் போகிறா. முதலே போன ஆட்கள். எங்கள் சனத்துக்குள் இப்படி ஒரு பிரிவு இருப்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்கிறதற்கு முதல் எப்ப வெளியில் வந்தனீங்கள் என்றுதான் கேட்பார்கள். மாசியா, சித்திரையா, கடைசி நாளா. எவ்வளவு பிந்தியோ அவ்வளவு பெரிய ஆட்கள். மாசி என்று சொன்னால் ஒரு தலையாட்டல், அதோடு கதை முடிந்துவிடும், அதற்குப் பிறகு நடந்த ஒன்றையும் எங்களுக்கு முன்னால் கதைக்க மாட்டார்கள். கஞ்சி உண்மையாகவே உப்புக் கரிக்கிறது. அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும், பால் இல்லை. கடைசி மாதங்களில் இந்தக் கரையில் சனம் உயிரைப் பிடித்து வைத்திருந்த சாப்பாடு, அந்த ஞாபகத்துக்குத்தான் இன்றைக்குச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். எனக்கு அந்த ஞாபகம் இல்லை. அவர் கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்களில் நான் முகாமில் பருப்பும் சோறும் பார்சலில் வாங்கிச் சாப்பிட்டேன். ரூபியும் அந்த வரிசையில் நின்றிருப்பாள். அவருக்கு முன்னாலா, பின்னாலா? தன் சிரட்டையில் பாதியை அவர் அவளுக்கு ஊற்றியிருப்பாரா? ஊற்றியிருப்பார், அப்படியான ஆள்தான். ஆத்திரம் நெஞ்சுக்குள் வருகிறது, சூடாக, இந்தக் கஞ்சியைவிடச் சூடாக. பசியில் கிடந்த ஒரு பிள்ளை எப்போதோ குடித்த பாதிச் சிரட்டைக் கஞ்சி. இதற்கும் எரிச்சல் படுகிற மனதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாமியை நான் பிறகு செட்டிகுளத்து முகாமில் கண்டேன், தண்ணி பிடிக்கிற இடத்தில். எலும்பும் தோலுமாக இருந்தா. பக்கத்தில் கையில் கட்டுப் போட்ட ஒரு பிள்ளை, பத்தொன்பது இருபது வயது. குகன் போயிட்டான் பிள்ளை என்று மாமி என்னைக் கட்டிப்பிடித்தா. நான் அழுவதற்கு வாயைத் திறந்த அந்த நேரத்தில்தான் அந்தப் பிள்ளையின் கழுத்தைக் கண்டேன். அழுக்கேறின ஒரு நூல். அதில் சுருங்கிப்போன ஒரு துண்டு மஞ்சள். வாய் திறந்தபடி நின்றேன், சத்தம் வரவில்லை. அழுகை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே நிற்கிறது. பிறகு மாமி கூடாரத்துக்குள் வைத்து எல்லாம் சொன்னா. மாத்தளனில் பக்கத்துப் பங்கர். விடிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வருகிறார்கள் என்று தகப்பன் மாமியின் காலில் விழுந்தாராம். கலியாணம் கட்டின பிள்ளை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். மாமிதான் கறிக்கு வைத்திருந்த மஞ்சளை எடுத்து, மண்மூட்டை தைத்த நூலில் கட்டி மகனின் கையில் கொடுத்தா. பேருக்குத்தான் பிள்ளை, ஒரு உயிர் தப்பட்டும் என்று. பேருக்குத்தான் என்று அன்றைக்கு மூன்று நாலு தரம் சொன்னா. அதோடு நிறுத்தியிருக்கலாம். உன்ர கூறையையும் வெட்டித்தான் தைச்சனான், சாக்கு இல்லை என்றும் சொன்னா. அது பொய்யில்லை, அங்கே எல்லோரும் சேலையை வெட்டித்தான் மூட்டை தைத்துப் பங்கருக்கு மேல் அடுக்கினார்கள். பட்டு என்றால் மணலின் பாரத்துக்குக் கிழியாதாம். நான் கும்பிட்டு எழும்பி வந்தேன். வருடம் போகப் போகப் பேருக்கு என்ற சொல் தேய்ந்துகொண்டு போனது. முதலில் குகன் தாலி கட்டின பிள்ளை, பிறகு குகன்ர மனுசி, மீள்குடியேற்றத்துக்குப் பிறகு என்ர மருமகள். தாயும் தகப்பனும் தம்பியும் அவர் போன அதே செல்லில் போய், ஒருவரும் இல்லாமல் நின்ற பிள்ளையை மாமி வேறு என்னவென்று சொல்வா? நியாயம் எனக்கும் விளங்கும். விளங்கி என்ன செய்ய?

சைக்கிள் செயின் கழன்று விழுகிற மாதிரி மனம் ஒரே இடத்தில்தான் வந்து விழும். தாலி கட்டினது பங்குனியில். அவர் போனது மே மாதம், எல்லாம் முடிவதற்குக் கொஞ்சம் முந்தி. நடுவில் இருந்த இரவுகள்? தாலி கட்டின பிறகு ஒரு குழிக்குள் இரண்டு குடும்பம், நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை, சாவு தலைக்கு மேல் கூவிக்கொண்டு போகிறது, அதற்குள் என்ன நடக்க முடியும் என்று எனக்கு நானே வழக்காடுவேன். வழக்கில் வெல்வேன். பிறகு இருட்டைப் பற்றி நினைப்பேன். செல் விழும்போது எல்லோரும் கையில் அகப்பட்டவரைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் யாரைப் பிடித்திருப்பாள்? தாயையா? தாலி கட்டினவன் பக்கத்தில் இருக்கும்போது? அவள் முதுகு சாய்ந்த மூட்டை எது? சிவப்புக் கரை அவள் பக்கம் இருந்ததா, வெளியே வெயில் பக்கம் இருந்ததா? என் கூறையை எந்த அடுக்கில் வைத்தீர்கள் மாமி என்று கேட்க எத்தனையோ தரம் வாய் உன்னியிருக்கிறது. நான் உடுக்காத சேலையில் மணலை நிரப்பி அவள் அதில் சாய்ந்து தூங்கியிருக்கிறாள். ஒரே ஒரு தரம் சங்கக்கடைக்கு வந்தாள், சீனி வாங்க. கையை நீட்டினாள். இடது முன்கையில் முழங்கை வரைக்கும் தழும்பு, மினுமினுவென்று, வடித்த கஞ்சி ஆறிப் படை பிடித்த மாதிரி. அவரைக் கொன்ற செல்லின் துண்டு பட்ட தழும்பு அது. அவரில் பட்டதுதான் அவளிலும் பட்டது. நான் தராசைப் பார்க்காமல் அதையே பார்த்தேன். தன் பிள்ளைக்கு ஒரு கீறல் விழவில்லை என்று அம்மா வருடாவருடம் கோயிலுக்கு நேர்த்தி செலுத்துகிறா. எனக்கு அந்தத் தழும்பு வேண்டும் போல இருந்தது. என் கையில் அது இருந்தால் இன்றைக்குத் தெரிஞ்ச ஆளுக்கு என்று சொல்ல வேண்டி வந்திருக்காது.

என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு வோசரின் கதை இருக்கிறது. அவர் தண்ணிப் பம்ப் திருத்துகிறவர். எங்களுக்குப் பேசி முடித்த பிறகு எங்கள் கிணற்றுப் பம்ப் நின்றுவிட்டது, நல்ல நேரம் பார்த்து நின்றது என்று அம்மா பகிடி சொன்னா. வந்து கழற்றினார். பெற்றோல் இல்லாத காலம், பம்ப் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடும், அந்த மணம் அவரைச் சுற்றி நிற்கும். இந்தத் துணிகளிலும் எண்ணெயோடு மண்ணெண்ணெய் கலந்திருக்கிறார்கள், காற்று திரும்பும்போது அடிக்கிறது. நான் தேத்தண்ணி கொண்டுபோய் நீட்டினேன். கை கறுப்பு என்று சைகை காட்டிவிட்டு, நிலத்தில் வைக்கச் சொன்னார். "வோசர் தேஞ்சு போச்சு. செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து போடுறன்" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னாரா, பம்பைப் பார்த்துச் சொன்னாரா? அப்பா பக்கத்தில் இருந்தார், அப்பாவுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். நல்ல காரியம் எதையும் செவ்வாயில் தொடங்காத வீட்டில் வந்து செவ்வாய் என்கிறாரே என்று அம்மா முணுமுணுத்தா. ஆனால் அவர் திங்கட்கிழமையே வந்தார். வோசர் முதலே கிடைத்துவிட்டது என்றார். கிடைத்திருக்கலாம். கிடைத்தால் ஒரு நாள் பொறுத்துச் செவ்வாய் வந்திருக்கலாமே? வரவில்லை, திங்களே வந்தார். அந்த ஒரு நாளை வைத்துத்தான் இவ்வளவு காலமும் நான் சீவிக்கிறேன். வந்த சம்மந்தங்களை எல்லாம் வேண்டாம் என்றேன். ஏன் என்று அம்மா அழுதா, திங்கட்கிழமையே வந்தார் என்று அம்மாவிடம் சொல்ல முடியுமா? ரூபியிடம் இரவுகள் இருக்கின்றன, பசி இருக்கிறது, தழும்பு இருக்கிறது. மாமி இருந்தா. எனக்கு ஒரு திங்கட்கிழமை.

படமும் அவளிடம்தான். எங்கள் வீட்டில் இருந்தது விசுவமடுவில் பெட்டியோடு போய்விட்டது. மாமி ஒன்றைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்திருந்து தப்பவைத்தா. அது கலியாணப் பேச்சுக்கென்று எடுத்த படம், பொம்பிளை வீட்டுக்குக் கொடுப்பதற்கென்று எடுத்தது, அந்தப் பொம்பிளை நான். தலையைப் படிய இழுத்து, கழுத்துப் பட்டன் பூட்டி, என் வீட்டில் யாரோ ஒருத்தி பார்க்கப்போகிறாள் என்று தெரிந்து கமராவைப் பார்த்த முகம். முகாமில் இருந்து வெளியே வந்ததும் மாமி அதை ஸ்ரூடியோவில் கொடுத்து, வேறு யாரோ ஒரு மாப்பிள்ளையின் உடம்பில் அந்தத் தலையை ஒட்டி, தலைப்பாகையும் மாலையும் வைத்து, பக்கத்தில் ரூபியைக் கூறையோடு நிறுத்தி, பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு எடுத்தா. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படிப் படங்கள் உண்டு, செத்தவர்களுக்குக் கோட்டும் ரையும் போட்டு, பிறகு பிறந்த பிள்ளைகளை மடியில் இருத்தி. நான் அதை மாமியின் செத்தவீட்டில்தான் கிட்ட நின்று பார்த்தேன். ரூபி அவர் பக்கம் கொஞ்சம் சரிந்து நிற்கிறாள். அவர் சரியவில்லை. அவர் நேரே பார்க்கிறார், என்னைப் பார்ப்பதற்கென்று பார்த்த அதே பார்வை. அதைப் பார்த்துக்கொண்டே நின்று, ரூபியின் பக்கமாக இருந்த கண்ணாடியில் விரலால் தூசி தட்டுகிற மாதிரித் தட்டினேன். தூசி இருக்கவில்லை.

பின்னால் யாரோ விலத்தச் சொல்கிறார்கள். ரூபி வருகிறாள். வெள்ளைச் சேலை, வியர்வை, தோளில் ஒரு துணிப்பை, கையில் கண்ணாடிப் படம். கழுத்தைப் பார்க்கிறேன். புதிதாக ஒரு சங்கிலி. இரண்டாம் தரமும் அவளுக்கே கிடைத்திருக்கிறது. நான் தடியை இரண்டு கையாலும் பிடிக்கிறேன். நேரே என்னிடம்தான் வருகிறாள். சண்டைக்கு வந்தால் சண்டை. இத்தனை சனத்துக்கு முன்னால் கேவலப்பட்டாலும் பரவாயில்லை. அவளோ மூச்சு வாங்கிக்கொண்டு, ஏதோ சந்தையில் தெரிந்த ஆளைக் கண்ட மாதிரி நிற்கிறாள்.

"லோஜினி அக்காதானே. ஒவ்வொரு வருசமும் பின்னுக்கு நிக்கிறனீங்கள், கண்டனான். இந்த இடத்தை ஆரும் பிடிச்சிடுவினமோ எண்டு ஓடி வந்தனான். நல்ல காலம் நீங்க நிக்கிறியள். இதைப் பிடியுங்கோ."

பிடிக்கிறேன். பஸ்ஸில் நிற்கிற ஒருத்தி சீற்றில் இருக்கிற ஒருத்தியிடம் பையைக் கொடுப்பது போல அவரைத் தூக்கித் தந்துவிட்டாள். தந்துவிட்டுத் துணிப்பையில் இருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறாள், சின்னச் சின்னப் படங்கள். தகப்பன், தாய், பள்ளிக்கூடச் சேர்ட்டோடு ஒரு பெடியன். அடுத்த தடி வெறுமையாக இருக்கிறது, அதன் அடியில் மணலைக் கையால் தட்டிச் சமப்படுத்தி வைக்கிறாள். மாமி இருக்கும்போது எல்லோரையும் ஒரு தடியிலேயே வைத்து அழுதோம், இனி அவரை நீங்கள் பாருங்கோ, எனக்கு இவர்களுக்கே கை போதாது என்கிறாள். பின்வரிசையில் நின்ற எனக்கு இந்தப் படங்கள் ஒரு நாளும் தெரிந்ததில்லை. தெரிந்திருக்க வேண்டும். அதே செல்லில் எல்லோரும் போனார்கள் என்று மாமி சொன்னது காதில் விழுந்ததுதானே, இன்றைக்குக்கூட அதை எனக்குள் சொல்லிக்கொண்டுதானே நின்றேன்.

"அப்ப நீர் இவ்வளவு காலமும் அழுதது?"

"தம்பிக்கு அக்கா. கண்ணை மூடினா அவன்தான் வாறான்."

இத்தனை வருடத்து முதுகு. ஒவ்வொரு குலுக்கலையும் அவருடைய கணக்கில் எழுதி வைத்தேனே. அவருக்காக அழ அவருடைய தாயைத் தவிர ஒருவரும் இந்த மணலில் இருக்கவில்லை. நான்? நான் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது நெஞ்சு ஆற வேண்டும், ஆறவில்லை. இவள் அழுவதற்கு அவர் போதாத ஆளா என்று புதிதாக ஒன்று எரிகிறது. எரிகிறதோடு எரிகிறதாகக் கேட்டேவிடுகிறேன், அவர் உம்மோடு எப்படி என்று. முழு வசனமாகக்கூட வரவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"நல்லவர் அக்கா. முதல் அண்ணா எண்டு கூப்பிட்டனான். தாலி கட்டினாப் பிறகு என்னெண்டு கூப்பிடுறதெண்டு தெரியேல்லை, ஒண்டுமே கூப்பிடேல்லை. இப்ப முகம்கூட இந்தப் படத்தைப் பாத்தாத்தான் வருகுது. கோவியாதேங்கோ."

"என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?"

அவள் யோசிக்கிறாள். ஓம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகலாம், சுவிஸுக்குப் போகிறவள், யாருக்கு என்ன நட்டம். சொல்லவில்லை. "அங்க ஒருத்தரும் அப்பிடியொண்டும் கதைக்கிறேல்லை அக்கா. செல் எந்தப் பக்கம் விழுது, தண்ணி எங்க கிடக்கு. அதுதான் கதை."

மணி அடிக்கிறது. ஒலிபெருக்கியில் பாதிரியார் எல்லோரையும் எழும்பி நிற்கச் சொல்கிறார், ஏற்கனவே எல்லோரும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். நடுவில் பெரிய சுடரை, குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சாத ஒரு மனுசி ஏற்றுகிறா, இரண்டு பேர் அவவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்கிறது. நான் குனிந்து படத்தைத் தடியில் சாய்த்து வைக்கிறேன். அவரும் ரூபியும். அம்மா கொய்து தந்த செவ்வரத்தம் பூக்களை எடுக்கிறேன், எல்லாவற்றையும் ரூபியின் பக்கமாகவே வைக்கிறேன், முகம், மாலை, கூறை, எல்லாம் மூடும்வரைக்கும். அவள் பார்த்தாளா? பார்த்தால் பார்க்கட்டும். தொண்டர் ஒருவர் நெருப்போடு வரிசையில் வருகிறார். யாருக்கு, என்ன முறை என்று ஒன்றும் கேட்கவில்லை. துணியில் வைக்கிறேன், குப்பென்று பிடித்துக்கொள்கிறது. கண் எரிகிறது. அந்த நேரத்தில்தான் சனம் முழுவதும் வாய் திறக்கிறது. வருடாவருடம் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன், இவ்வளவு கிட்டக் கேட்டதில்லை. என்ர ராசா, அப்பா, ஐயோ என்ர பிள்ளை. பக்கத்துத் தடியில் ரூபி முழங்காலில் விழுந்து தம்பீ, தம்பீ என்கிறாள். எனக்கும் வாய் திறக்கிறது. என்னவென்று கூப்பிடுவது? கூப்பிடாமல் எப்படி அழுவது? பெயரைச் சொல்லலாம். பேசி முடித்த மாப்பிள்ளையை எங்கள் பக்கத்தில் ஒருத்தியும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், நானும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, நாக்கு வளையவில்லை. குகன் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், அது யாரோ ஊரவன். அவர் என்கிறேன், அது செவ்வாய்க்கும் திங்களுக்கும் நடுவில் நின்ற ஆள். நெருப்பு மேலே ஏறுகிறது. பிறகு தானாகவே வருகிறது, குசினிக்குள் நிற்கிற பெண்டுகள் முற்றத்தில் நிற்கிற தங்கள் மனுசனைக் கூப்பிடுகிற சொல், பெயர் தேவைப்படாத சொல், தாலி கட்டிக்கொண்டவள்கூட அவரை அப்படிக் கூப்பிடவில்லை. இஞ்சாருங்கோ. என் குரலா என்று தெரியவில்லை. இஞ்சாருங்கோ. ரூபிக்குக் கேட்க வேண்டும் என்றே இரண்டாம் தரம் உரத்துச் சொல்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் உரத்துக் கூப்பிடுகிறேன்.